பார்க்காததைச் சொல்லாத தங்கமாரி அக்கா

தங்கமாரி அக்கா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. சாமி கும்பிட்டபடியே உயிர் பிரிந்ததாம், முகத்தில் ஒளி இருந்ததாம். அவருடைய மகனுக்குப் போன் செய்து கேட்டேன். "சாமியுமில்ல பூதமுமில்ல. டிவியில ராசிபலன் சொல்லுறவர கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தாக. நெஞ்சு வலின்னு சாஞ்சாக. அம்மா ராசிக்கு ஒடம்பு தேறும்னுதான் அவரு அன்னைக்குச் சொன்னாரு" என்றான். அழுதுகொண்டே இருவரும் சிரித்துவிட்டோம்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் அவரும் ஒரே அறையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தோம். தாயில்பட்டியிலிருந்து ஒரே வேனில் போவோம். நான் சேர்ந்த புதிதில், நாளைக்குக் கம்பெனிகள் எல்லாம் லீவு என்று அவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வேன் காலியாகப் போனது. எல்லோருக்கும் அன்றைய கூலி போனது. மறுநாள் வேனில் எழுந்து நின்றார்.

"நேத்து நான் சொன்னது பொய்யி. எவனோ அனுப்புனத நானே பாத்த மாதிரி சொல்லிட்டேன். ஏசுறவுக இப்பவே ஏசிக்கோங்க."

கம்பெனி வாசல் வரை ஏசினார்கள். நல்ல வசவு வந்தால், "இது புதுசா இருக்கே" என்று ரசித்தார். அதன்பின் யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான்: "பாத்தீகளா?"

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அறைக்கு நான்கு பேர் என்பது சட்டம். இருந்தது எட்டுப் பேர். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால், வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பின்பக்கக் காட்டில் கருவேல மரத்தடிக்கு அனுப்பிவிடுவார்கள். அதிகாரி போனபின் திரும்புவோம். சட்டம் காப்பாற்றப்பட்டுவிடும்.

அப்படி ஒரு நாள், அறையைக் கூட்டிச் சுத்தம் செய்ய எங்கள் அறைச் செல்வியை மட்டும் விட்டுவிட்டு எங்களை அனுப்பினார்கள். அறையில் தீப்பிடித்தது. செல்வியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. அவள் பிழைத்துக்கொள்வாள் என்று தெரிந்த மறுநாளே வேனில் கதை தயாராக இருந்தது.

"செல்போன ஒளிச்சுக் கொண்டுபோயிருக்கா. அது வெடிச்சிருச்சு" என்றார் எங்களோடு வேலை பார்க்கும் பேச்சியம்மா சித்தி.

"பாத்தீகளா சித்தி?" என்றார் அக்கா.

"போர்மேன் சொன்னாரு."

"அவரு ஆபீசர கூட்டியார வாசலுக்குல்ல போயிருந்தாரு. நம்ம எங்கன இருந்தோம்?"

சித்தி ஜன்னல் பக்கம் திரும்பினார். அக்கா விடவில்லை.

"மரத்தடியில உக்காந்துக்கிட்டே, செவுத்துக்கு அங்கிட்டு போன் வெடிச்சதப் பாத்துட்டோமாக்கும். நம்ம கண்ணுக்கு எம்புட்டுப் பவரு!"

வேனே சிரித்தது. ஆனால் விசாரணையில் அந்தக் கதையைச் சொல்லும்படி போர்மேன் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அந்தக் கதை நிலைத்துவிட்டால் செல்வி காலம் முழுக்கக் கம்பெனிக்குத் தீ வைத்தவள்தான். பார்க்கவில்லை என்றால் எங்கே இருந்தோம் என்று கேட்பார்கள். மரத்தடி என்றால் வேலை போகும்.

எனக்கு ஆத்திரம். "மொதலாளி மட்டமான மருந்து வாங்கியிருப்பான். அதச் சொல்லுவோம்க்கா" என்றேன்.

"நீ பாத்தியா புள்ள?"

"பாக்கணுமாக்கும்? தெரியாதா?"

"போர்மேனுக்கும் இப்படித்தான் தெரியுது."

அன்று கோபத்தில் அவரோடு சேர்ந்து சாப்பிடவில்லை. மருந்தைப் பற்றிய அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு. சந்தேகம் என்றுதான் எழுதுகிறேன்.

பயமே அறியாதவர் என்று இரங்கல் கூட்டத்தில் யாரோ பேசினார்கள். விசாரணைக்குப் போன காலையில் அக்கா வேனை நிறுத்தச் சொல்லி ரோட்டோரம் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறினார். அதிகாரியின் முன் முதலில் நின்றதும் அவர்தான்.

"நீங்க வாரீகன்னா எங்கள மரத்தடிக்கு அனுப்புவாக சார். அன்னைக்கும் அங்கனதான் இருந்தோம். தீ எப்படிப் புடிச்சதுன்னு நாங்க பாக்கல."

"எந்த மரம்?"

அழைத்துப் போனார். நாங்கள் பின்னால் போனோம். மரத்தடியில் நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து புல் அற்றுப்போன வட்டங்கள். "இது என் எடம். இது பேச்சியம்மா சித்தி எடம்" என்று அக்கா காட்டிக்கொண்டே போனார்.

வாயைத் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்த சித்திக்குப் பொறுக்கவில்லை. "ஏ, என் எடம் அது இல்ல. அங்கன வெயிலடிக்கும். நெழலுல இருக்குல்ல, அதான் என் எடம்!"

அப்புறம் என்ன, ஆளாளுக்குத் தங்கள் இடத்தைக் காட்டினார்கள். அதிகாரி குனிந்து எதையோ எழுதுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டார். போன் கதை அங்கேயே செத்தது. அக்காவுக்கும், அவருடைய கூட்டாளி என்று எனக்கும் வேலை போனது. சீசன் நேரம், வேறு கம்பெனி எங்களை உடனே எடுத்துக்கொண்டது. இந்த ஊரில் உண்மைக்கு விலை இல்லை, வேலை தெரிந்த கைக்கு உண்டு. தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அக்காவின் இறுதி ஊர்வலத்துக்குப் பெண்கள் கைக்காசு போட்டுச் சரவெடி வாங்கியிருந்தார்கள். தெருமுனையில் செல்வி, "நான் வைக்கேன்" என்று ஊதுபத்தியைக் கேட்டு வாங்கினாள். அந்த விபத்துக்குப் பின் அவள் பட்டாசைத் தொட்டதில்லை. தோல் இழுத்து மடங்கிய விரல்களுக்குள் ஊதுபத்தி சரியாக நிற்கவில்லை. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு திரியில் வைத்தாள். பற்றியதும் ஓடி வந்து என்மேல் மோதினாள். தெரு முழுக்க வெடித்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நீங்கள் எங்கே போயிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, அக்கா. உங்களோடு வேனில் வந்தது நன்றாக இருந்தது.