பவரம்மாவும் சின்னப் பவரும்

எதிரே வருபவரின் முகத்தைப் பவரம்மா பார்ப்பதில்லை. காதைப் பார்க்கிறார். முதலில் இடது காது, அப்புறம் வலது, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை இடது. “உங்களுக்கு வலது காது ஒரு நூல் கீழ” என்று சொன்ன பிறகுதான் சௌக்கியம் விசாரிப்பார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு உலகத்தில் நேரான ஆள் யாருமில்லை. எல்லாருடைய காதும் ஏறுமாறுதான். அதற்கேற்றபடி கம்பியை வளைத்தால் கண்ணாடி நேராக உட்காரும். இதை அவர் தத்துவமாகவெல்லாம் சொல்வதில்லை. சூடான காற்று வரும் கருவியில் கம்பியைக் காட்டி, இரண்டு விரலால் அழுத்தி, “இப்பப் போட்டுப் பாருங்க” என்பதோடு சரி.

அழுக்குக் கண்ணாடியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. ஒருமுறை பேருந்தில், பக்கத்து இருக்கையில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த பெரியவரின் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, கைப்பையிலிருந்த மஞ்சள் துணியால் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டார். விழித்த பெரியவர் நாலு பக்கமும் பார்த்தார். ஏதோ புது ஊருக்கு வந்துவிட்டோம் என்று பதறி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் எழுத்து அட்டை. மேலே ஆளுயரத்துக்கு ஒரு ‘ட’, அடுத்து ‘ப, ர’, பிறகு ‘க, ம, வ’ என்று வரிக்கு வரி எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் மூக்கில் இரும்புச் சட்டத்தை ஏற்றி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, அடுத்ததைப் போட்டு, பவரம்மா கேட்பார்: “இதுல நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டதுல நல்லாத் தெரியுதா?” இருபது வருடமாகக் கேட்டு நாக்கில் ஊறிப்போன கேள்வி. வீட்டிலும் அதேதான். குழம்பில் உப்பைக் கூட்டினாலும், மின்விசிறியை ஒரு சுற்றுக் குறைத்தாலும், கணவர் சட்டையை மாற்றினாலும் “இதுல நல்லா இருக்கா, முன்னாடி இருந்ததுல நல்லா இருக்கா?” சரியான பதில் வரும்வரை விடமாட்டார்.

‘பவர்’ என்ற சொல்லை நாளுக்கு நூறு முறை சொல்வதால் அவர் பவரம்மா. அவருக்கே பவர் ஏழு. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் உலகம் வெறும் பனிமூட்டம். மகள் பிறந்தபோது தெரு யோசிக்கவே இல்லை. அவள் சின்னப் பவர்.

கணவர் எதிர்சாரி பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுபவர். க்ரீம் நிரப்பிய கூம்பைக் கையில் எடுத்தால் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ முழுவதையும் மூச்சு விடாமல் எழுதி முடிப்பார். அவர் எழுத்தை வெட்ட மனமில்லாமல் கேக்கைச் சுற்றிச் சுற்றி விளிம்பாகவே தின்ற குடும்பங்கள் உண்டு. அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் பகலிலேயே க்ரீமில் எழுதித் தீர்த்துவிட்டாரோ என்று மனைவிக்கு ஒரு சந்தேகம்.

சின்னப் பவர் அந்த நீளக் கடையில்தான் வளர்ந்தாள். தவழ்ந்தது, பல் முளைத்தது, பேசக் கற்றது எல்லாம் எழுத்து அட்டைக்கு எதிரில். வந்தவர் போனவர் எல்லாரும் அட்டையைப் படிக்க, குழந்தையும் கூடவே படித்தது. பள்ளியில் சேர்த்த முதல் நாள், “எழுத்தெல்லாம் தெரியுமா?” என்று ஆசிரியை கேட்டதற்கு, எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு “ட, ப, ர, க, ம, வ” என்று ஆரம்பித்தாள். ஆசிரியை கவலைப்பட்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். பவரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறு வயதில் மகளுக்கும் கண்ணாடி வந்தது. அதோடு விளம்பரமும் வந்தது. கடைக்குப் புது ஃபிரேம் எது வந்தாலும் முதலில் ஏறுவது சின்னப் பவரின் மூக்கில். திங்கட்கிழமை வட்டம், வியாழக்கிழமை சதுரம், ஓரிரு வாரம் பட்டாம்பூச்சி. தெருவில் யாராவது “அட, நல்லா இருக்கே” என்றால் போதும், பவரம்மா கடைக்குள்ளிருந்து, “நாலு கலர்ல இருக்கு, உள்ள வாங்க” என்று குரல் கொடுப்பார். பத்துப் பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. பதினேழாவது வயதில் ஒரு காலை, சின்னப் பவர் கண்ணாடியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“இனிமே போடமாட்டேன். என் முகம் ஒண்ணும் உன் கடை போர்டு இல்ல.”

பவரம்மா அதட்டினார், கெஞ்சினார், இரண்டு வேளை பேசாமலும் இருந்து பார்த்தார். கடைசியில், “நான் சொல்ல வேணாம், நீ சொல்ல வேணாம், அட்டை சொல்லட்டும்” என்றார். எதிரி கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மகள் போய் நாற்காலியில் சாய்ந்தாள். ‘ட’வில் ஆரம்பித்து வரி வரியாக இறங்கினாள். கடைசி வரியையும் தாண்டி, அட்டையின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரை, அது இருக்கும் தெருவை, தொலைபேசி எண்ணை, ஒரு இலக்கம் பிசகாமல் ஒப்பித்தாள். வீம்பு அப்படி.

பவர் தானாக இறங்காது என்று ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிற பவரம்மா, பெற்ற மகள் விஷயத்தில் நம்பிவிட்டார். மனது நிறைந்துபோய்க் காரணம் தேடினார். போன கோடையில் மகளுக்குத் தினமும் கேரட் நறுக்கிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அன்று முதல் கடைக்கு வந்தவர்களிடம், “ரெண்டரை பவர் அப்படியே போயிடுச்சு. எல்லாம் கேரட்” என்று சொல்ல ஆரம்பித்தார். முனைக் காய்கறிக் கடையில் காலை பத்து மணிக்குள் கேரட் தீர்ந்தது. தபால்காரர் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கேரட்டில் இறங்கி, ஒரு வாரம் தெருவின் கடிதங்களையெல்லாம் இடம் மாற்றிப் போட்டார்.

சின்னப் பவர் ஜெயித்துவிட்டாள். ஜெயித்த கையோடு ஜவுளிக் கடை வாசல் பொம்மைக்கு இரண்டு முறை வணக்கம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். எல்லாவற்றையும் ‘ஏதோ யோசனை’ என்று சமாளித்தாள். அம்மாவோடு மட்டும் பேச்சு குறைந்துவிட்டது. யாரிடம் பொய் சொன்னாளோ அவரிடமே சிரித்துப் பேசுவது அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பவரம்மா அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். கேரட்டை இன்னும் சன்னமாக நறுக்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேக்கரிப் பலகையின் விளக்கு எரியவில்லை. மாற்றுவதற்காக அப்பா ஏணியில் ஏறினார். மகள் கீழே பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்சாரியில் பவரம்மா கடையின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை உயர்த்தி இடம் வலமாக, வலம் இடமாக, துணியோடு. சின்னப் பவர் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. ஒரு கையை ஆட்டினாள். போதாதென்று இன்னொரு கையையும் எடுத்து, குதித்துக் குதித்து ஆட்டினாள்.

பவரம்மாவுக்கு நம்ப முடியவில்லை. ஒரு வருடமாக நிமிர்ந்து பார்க்காத பெண் சிரிக்கிறாள். அவரும் துணியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார். இரண்டு பேரும் தெருவின் இரண்டு பக்கமும் நின்று ஆட்டிக்கொண்டிருந்தபோது, நடுவில் யாரும் பிடிக்காத ஏணி பலகையை உரசியபடி ஒருபக்கமாகச் சாய்ந்து, அப்பாவை நடைபாதையில் கொண்டுவந்து இறக்கியது.

வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவமனையில் கையைத் தாங்கும் தொங்கு பட்டையை நர்ஸ் சற்று ஏற்றிக் கட்டினார். பவரம்மா பழக்க தோஷத்தில், “ஏங்க, இதுல நல்லா இருக்கா, முன்னாடி இருந்ததுல நல்லா இருக்கா?” என்று கேட்டுவிட்டார்.

“முன்னாடி இருந்ததுல” என்றார் அவர், கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி.

வராந்தாவில் பவரம்மா மகளிடம் மெதுவாகக் கேட்டார்: “என்னைப் பாத்துத்தானே சிரிச்ச?” மகள் தரையைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த ஆமாமைப் பவரம்மா பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், “கை உடைஞ்சது கஷ்டந்தான். ஆனா எம்பொண்ணு என்னைப் பாத்துச் சிரிச்சா பாருங்க” என்று சொன்னார். அதை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சின்னப் பவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அப்பா இடது கையால் எழுதிய முதல் கேக்கைப் பார்த்துப் பிறந்தநாள் குழந்தை அழுதது. இரண்டாவது கேக் நிச்சயதார்த்தத்துக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டார் அதை மருந்துச் சீட்டு மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். முதலாளி நல்லவர்தான், ஆனாலும் எழுத்து வெட்டிய தகடு வாங்கிவிட்டார். க்ரீமைத் தடவி எடுத்தால் எழுத்து விழும், ஆள் வேண்டாம். அப்பாவை ரிப்பன் கட்டும் மேசைக்கு மாற்றினார்கள். ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டார். கட்டைப் பிரித்த பிறகும் பழைய எழுத்து வருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. வீட்டில் பழைய காலண்டர் தாள்களின் முதுகில், இடது கையில் தூரிகையைப் பிடித்து எழுதிப் பழகினார். ஒவ்வொரு தாளும் கோழி கிளறிய மண்ணாக இருந்தது.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் கண்ணாடி மாற்ற வந்தார். பவரம்மா அவருக்கும் கேரட் கதையைச் சொல்லி, “கடைசி வரி மட்டுமில்ல, கீழ இருக்கற போன் நம்பர் வரைக்கும் படிச்சுட்டா” என்றார். நடத்துநர் எழுந்து அட்டைக்குப் போனார். குனிந்தார், இன்னும் குனிந்தார், மூக்கு ஒட்டுமளவுக்குப் போனார்.

“இதையாம்மா? அந்த நாற்காலியிலேர்ந்தா? பருந்துக்கே நாலு பவர் வேணுமே.”

பவரம்மா சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்தினார். நடத்துநர் போன பிறகு, இருபது வருடத்தில் முதல்முறையாகத் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அட்டையின் அடியைப் பார்த்தார். எழுத்து இருக்கட்டும், அங்கே எழுத்து இருப்பதே தெரியவில்லை. “ட, ப, ர” என்று அவர் உதடு முணுமுணுத்தது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியை சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் மகளை உட்காரச் சொன்னார். அப்பா ரிப்பன் மேசையிலிருந்து வந்து சுவரோரமாக நின்றார். “படி” என்றார் பவரம்மா.

“ட. ப, ர. க, ம, வ...” எப்போதும் ‘ம்’ கொட்டும் அம்மா கொட்டவில்லை. சின்னப் பவர் நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கினாள். “அட்டையை மாத்திட்டியா?”

“அப்பா எழுதினது. இடது கையில.”

அட்டைக்கு மேல் காலண்டர் தாள் ஒன்று தொங்கியது. மகள் அதைப் பார்த்தபடியே இருந்தாள். மாவுக்கட்டின் வெள்ளை மட்டும் சுவரோரம் அவளுக்கு மங்கலாகத் தெரிந்திருக்கும்.

“தெரியல” என்றாள்.

“முதல் எழுத்து?”

“ஒண்ணுமே தெரியலம்மா. அன்னைக்கும் தெரியல. யாரோ ஃபிரெண்டு கை காட்டறான்னு நினைச்சேன். நீன்னு தெரியாது.”

பவரம்மா அத்தனை நாள் பொத்தி வைத்திருந்தது போயிற்று. சுவரோரம் இருந்து அப்பாதான் தொண்டையைச் செருமினார்.

“அதுக்கு அழாதடி. அது என்ன எழுத்துன்னு எனக்கே தெரியல.”

அழுகையும் சிரிப்புமாக மகளுக்கு விக்கல் வந்துவிட்டது. பவரம்மா இரும்புச் சட்டத்தை எடுத்தார். இரண்டரை போட்டார், போதவில்லை. மூன்றில் வந்து நின்றது. “இதுல நல்லாத் தெரியுதா, முன்னாடி போட்டதுல நல்லாத் தெரியுதா?” என்று கேட்டார். “இதுல” என்றாள் மகள். இந்த முறை யோசித்துச் சொன்னாள்.

ஃபிரேம் பார்க்க வேண்டும். சுவரில் முந்நூறு இருந்தன. புதிதாக வந்த தங்கக் கம்பி ஒன்றின் பக்கம் பவரம்மாவின் கை போனது. பாதி வழியில் திரும்பி வந்தது. தன் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, முந்நூறு ஃபிரேமும் ஒரே பனிமூட்டமாகிவிட்ட சுவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“நீயே எடு. நான் பாக்கல.”

அங்கே இங்கே ஏதோ உரசும் ஓசை. பிறகு ஒரு கிறீச். அந்தக் கடையில் கிறீச்சிடுவது ஒரே இழுப்பறைதான், அடியில் இருப்பது. விலைபோகாமல் மூன்று வருடமாக அதற்குள் கிடப்பது, பூனைக் காது மாதிரி ஓரம் தூக்கிய ஊதா நிற ஃபிரேம். பவரம்மாவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

மகள் வந்து எதிரே நின்றாள். ஊதாவாக ஏதோ ஆடியது. பவரம்மா இரண்டு கையையும் நீட்டி, அவள் காதுகளுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். முதலில் இடது, அப்புறம் வலது, இன்னொரு தடவை இடது. “ஒரு நூல்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, ஃபிரேமைக் கழற்றி வாங்கி, தன் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே, இடது கம்பியைச் சூட்டில் காட்டினார்.