பல் போவதற்கு முந்தைய நாள்

என்னிடம் இருக்கும் அந்தப் பதிவு இசையோடு தொடங்காது. முதலில் கிடுகிடுவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு செருமல். அதற்கப்புறம்தான் கிளாரினெட் எழும். தென்காசியில் நான் நடத்தும் ஒலிப்பதிவு அறைக்கு யார் வந்தாலும் அதைப் போட்டுக் காட்டுவேன். முதலில் கேட்டது என்ன வாத்தியம் என்று விசாரிக்காதவர்கள் இல்லை.

வாசித்தவர் என் தாய்மாமா. வெளிநாட்டுக் கப்பல்களில் ஜாஸ் வாசித்தே பாதி ஆயுளைக் கழித்தவர். ஊர் திரும்பியபின் கல்யாண வீடுகளுக்கு பேண்டு செட்டோடு போவார். அங்கேயும் சும்மா இருக்கமாட்டார். சினிமாப் பாட்டின் நடுவில் மெட்டை விட்டு விலகி, எங்கெங்கோ சுற்றிவிட்டு, தாலி கட்டுவதற்குள் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார். "ஜாஸ்னா அம்புட்டுதாம்ட்டி. வீட்டவிட்டு ஓடிப்போயி, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துரணும்" என்பார்.

கிளாரினெட்டின் முனையை மேல்பல்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். மாமாவுக்கோ மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆட ஆரம்பித்துவிட்டன. பிடுங்கியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டுப்பல் வைத்துக்கொண்டு வாசிக்கலாமே என்றேன். "அதுவும் சேந்து பாட வந்துட்டுன்னா?" என்று சிரித்தார். வாசிப்பை விடுவதில் அவருக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருட வாசிப்பில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கப்பலில் அவரே போட்ட மெட்டு ஒன்றையாவது, பல் இருக்கும்போதே பிடித்துவைத்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

பிடுங்குவதற்கு முந்தைய நாள் காலையிலேயே வந்துவிட்டார். மெட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் பல் சுரீரென்று இழுக்கும், நிறுத்திவிடுவார். மறுபடி தொடங்குவோம். மறுபடி அதே இடம். மத்தியானத்துக்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தாள். "அஞ்சருவியில குளிக்க விட்டுட்டாவளாம். நீங்க வாரியளா, நாம்பாட்டுக்குக் கெளம்பட்டுமா?" குற்றாலத்தில் வெள்ளம் என்று நாலைந்து நாளாக அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மாமா கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டைத் தேடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்குப் பல்லு போயிரும் மாமா" என்றேன்.

"பல்லு நாளைக்குத்தாம்ட்டி போவும். தண்ணி இன்னைக்கே போயிரும்லா."

சீசன் நேரத்தில் எங்கள் ஊர்க்காரர்களிடம் வேலையா அருவியா என்று கேட்பதே தப்பு.

சாயங்காலம் இருவரும் சாரலில் நனைந்துகொண்டே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். மாமாவுக்கு உதடெல்லாம் வெளுத்து, பல் தந்தியடித்தது. சுடச்சுட காபி கொடுத்தேன். கையால் தள்ளிவிட்டார். "வேண்டாம், வேண்டாம். தாடையெல்லாம் மரத்துக் கெடக்கு, வலியே தெரியல. சூடு ஏறுமுன்ன ரெக்கார்டிங்கப் போடுட்டி."

போட்டேன். முனையைக் கடித்ததும் கிடுகிடு நின்றது. உச்சத்தில் தயங்கவே இல்லை. அதற்கு மேலேயும் ஏறினார், ஊரெல்லாம் சுற்றினார், நிதானமாக வீடு வந்து சேர்ந்தார். சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன். வாசலில் ஈரத்தலையோடு நின்ற அத்தை, "முடிஞ்சிட்டுல்லா? வாங்க, பசிக்கி" என்றாள்.

இப்போது மாமா குற்றாலத்தில் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். புதுப் பல்லால் முதல் ருசி அவர்தான் பார்ப்பார். போன வாரம் அந்தப் பதிவைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தபோது, முதலில் வரும் கிடுகிடுவை மட்டும் வெட்டிவிடட்டுமா என்று போனில் கேட்டேன். வாயில் இருந்த சிப்ஸை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்:

"அதத் தொடாத. அந்தப் பல்லு கடைசியா போட்ட தாளம்லா அது."