பச்சை ஏறாத இடம்

என் அக்கா கருப்பாயி வாழ்நாளில் ஒரே ஒரு சத்தியத்தைத்தான் மீறினாள். அதற்கு நான் சாட்சி.

அத்தான் பரஞ்சோதி மலேசியாவில் பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுப்பவரும் அவர்தான். மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று சொல்லியே இரண்டு வருஷத்தை ஓட்டினார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசியில் பார்த்தால் குடல் புற்றுநோய், முற்றிப்போயிருந்தது.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர் ஹேமநாதன். தைக்குமுன் ஊசி வழியே ஒரு சாயம் ஏற்றி, தனிக் கேமராவில் பார்ப்பார்களாம். ரத்தம் ஓடும் குடல் பச்சையாக ஒளிரும். ஒளிராத முனையைத் தைத்தால் தையல் விட்டுவிடும், ஆள் பிழைப்பது கஷ்டம். அப்போது வயிற்றில் துளை போட்டு மலத்துக்குப் பை மாட்டுவார்கள்.

"பையக் கட்டிக்கிட்டு கரகம் தூக்க முடியுமா லா? ஆத்தா முன்னாடி எப்படி நிப்பேன்?" என்றார் அத்தான்.

தான் மயக்கத்தில் இருக்கும்போது பை போடுவதா என்று மனைவியைக் கேளுங்கள் என்று டாக்டரிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும், பை வேண்டாம் என்றே சொல்வதாக அக்காவைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சூடத் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது என்பார்கள். அக்கா அதை நம்புகிறவள்.

ஆபரேஷன் நடுவே டாக்டர் வெளியே வந்தார். "கட்டிய எடுத்தாச்சு ஆன்ட்டி. ஆனா மேல் முனையில பச்சை ஏறல. ஏறுற இடம் வரைக்கும் வெட்டினா கீழ் முனைக்கு எட்டாது. பை போடலாமா?"

"தச்சிப் பாத்தா?" என்றாள் அக்கா.

"தையல் விட்டா அவரக் காப்பாத்துறது கஷ்டம்."

"நீ சொல்லு தம்பி" என்று அக்கா என்னைப் பார்த்தாள். சத்தியமாவது ஒன்றாவது என்று அத்தனை நாள் வாய் கிழியப் பேசிய நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பையப் போடுங்க. எந்திரிச்சு என்னைய அடிச்சாலும் பரவால்ல, எந்திரிக்கட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் அத்தான் வயிற்றைத் தடவிப் பார்த்தார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு மாதம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பையை மாற்றுவதும் கழுவுவதும் அவள்தான்.

போன வாரம் ஸ்கேனில் ஈரலிலும் நோய் தெரிந்தது. டாக்டர் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாள்: "நான் சத்தியத்த மீறுனதாலயா டாக்டர்?"

டாக்டரை முந்திக்கொண்டு அத்தான் அவள் கையைப் பிடித்தார்.

"இல்ல புள்ள. வா, வீட்டுக்குப் போலாம்."