திரையில் வளைந்த சுவர்

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் இழுவைப் படகின் ரேடாரைச் சரிபார்க்க எண்ணூருக்கு வந்த மெக்கானிக் பெண். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. எதையும் ஒற்றைக் கண்ணை மூடித்தான் பார்ப்பார், நான் நீட்டிய டீ கிளாஸைக்கூட.

முந்தின வாரம் பனியில் ரேடாரை நம்பிப் போய், அலைதடுப்புச் சுவரில் படகை உரசவிட்டிருந்தேன். அன்று காலையும் பனியும் அனல்மின் நிலையப் புகையும் கலந்து, கடல் எது வானம் எது என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தோம். திரையில் அந்தச் சுவர் எங்களைவிட்டு விலகி, வில்லாக வளைந்து தெரிந்தது.

"சுவரு அங்க வளைஞ்சிதான் கீது மேடம்," என்றேன்.

"கண்ணால பாத்து சொல்றீங்களாண்ணா, இதுல பாத்து சொல்றீங்களா?"

நான் திரையைக் காட்டினேன். அவர் வெளியே போய்ப் பனி விலகும்வரை நின்றார். பிறகு ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

"சிக்னல் போயி பட்டு திரும்பற நேரத்த வெச்சுதான் இது தூரத்த சொல்லுது. ஆனா சிக்னல் கெளம்பறதுக்கு முன்னாடியே இது நேரத்த எண்ண ஆரம்பிச்சிடுது. அதான் கிட்ட கீறத தூரமா, நேரா கீறத வளைவா காட்டுது," என்றபடி உள்ளே வந்து, ரேடாரில் அந்த நேரக் கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் திரையில் சுவர் மெல்ல நிமிர்ந்தது.

தினமும் கடந்துபோன சுவர். இந்தப் படகை ஓட்டிய இரண்டு வருஷமாக நான் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்?

இப்போது திரையில் அது நேராகத்தான் தெரிகிறது. இருந்தாலும் வெளியே வந்து, ஒற்றைக் கண்ணை மூடி ஒருமுறை பார்த்த பிறகே கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறேன்.