பத்தொன்பது வோல்ட்டும் என் கையும்

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், எங்கள் தெருவில், குறைந்த வோல்ட்டேஜை ஏற்றித் தரும் ஸ்டெப்-அப் பெட்டி இல்லாத வீடே கிடையாது. பல்பு மங்கினால் எழுந்து போய் அதன் குமிழை ஒரு கட்டை ஏற்றுவோம். பேச்சைக்கூட நிறுத்த மாட்டோம், கை தானாகப் போகும். அந்தக் கைதான் அன்று என் மனைவியின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

சிங்கப்பூர் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு அவளை இணையத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. முந்தைய இரண்டு நேர்காணல்கள் மின்வெட்டில் பாதியிலேயே அறுந்துபோயின. "இதுவும் போச்சுன்னா இனி எதுக்கும் எழுதிப் போட மாட்டேன்" என்றாள். லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது.

"நான் இருக்கேன்ல?" என்று மார்தட்டினேன். ஒரு பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அதை லேப்டாப்புக்கு வேண்டிய பத்தொன்பதாக உயர்த்த ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் போர்டு. அதிலிருந்த குட்டித் திருகை மீட்டர் பார்த்துத் திருப்பிச் சரியாக வைத்தேன்.

சொல்லிவைத்தாற்போல் மதியம் கரண்ட் போனது. நேர்காணல் ஜோராக நடந்தது. அவளுக்கு வேர்க்கிறதே என்று அதே பேட்டரியில் ஒரு விசிறியை மாட்டினேன். அன்பு மிகுதி, வேறென்ன? மீட்டர் பதினெட்டு, பதினேழு என்று இறங்கியது. கை தானாகப் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரால் திருகை ஒரு சுற்று ஏற்றினேன். மீட்டர் அசையவில்லை. மறுபடி ஏற்றினேன், மறுபடியும், மறுபடியும்.

அப்புறம்தான் புத்தி வந்தது. தளர்ந்த பேட்டரியை வைத்துக்கொண்டு அந்த போர்டு தன் எல்லையில் முக்கிக்கொண்டிருந்தது. நான் எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் அதனால் தர முடியாது. ஆனால் சுமை குறைந்த நொடியில், கேட்டதை எல்லாம் மொத்தமாகக் கொடுத்துவிடும். லேப்டாப் காலி.

திரை மினுங்குவதைப் பார்த்த அவள், காமிராவைப் பார்த்துச் சிரித்தபடியே விசிறியின் வயரைப் பிடுங்கக் கை நீட்டினாள். மேசைக்கடியில் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். முதலில் திருகை இறக்க வேண்டும். ஆனால் ஏற்றியது மூன்று சுற்றா, நான்கா? மீட்டர் சொல்லாது.

மேலே அவள் இங்கிலீஷில் பொளந்துகட்டிக்கொண்டிருந்தாள். கீழே, என் பிடிக்குள் இருந்த அவள் கை நான்கு விரல்களைக் காட்டியது.

நான்கு சுற்று இறக்கிவிட்டுப் பிடியை விட்டேன். வயரைப் பிடுங்கினாள். பத்தொன்பது.

வேலை கிடைத்தது. "பேசிக்கிட்டே எப்படி எண்ணுனே?" என்று கேட்டேன்.

"நீங்க ஸ்க்ரூ டிரைவர எடுத்தாலே எண்ண ஆரம்பிச்சிருவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான்."