கண்டக்டரம்மாவின் நெஞ்சுப் பக்கம்

பஸ்ஸில் கண்டக்டரம்மா வாயைத் திறந்தால் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுவார். படியில் தொங்குகிறவன், சில்லறை இல்லை என்கிறவன், பெண்கள் சீட்டில் தூங்குவதுபோல் நடிக்கிறவன் என்று ஆளுக்கொரு வசவு தனித்தனியாக வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை.

இடது மார்பில், பை வார் அழுத்தும் இடத்தில், ஒரு கட்டி. வாரின் வேலைதான் என்று பையைத் தோள் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கட்டி மசியவில்லை. பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவரிடம், "நெஞ்சுப் பக்கம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அவர் இதயப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஈசிஜி எடுத்து, "இதயம் குதிரை மாதிரி ஓடுதும்மா, போய்ட்டு வாங்க" என்றார்கள். அந்த நிம்மதியிலேயே சில மாதங்கள் ஓடின.

கட்டியின் மேல் தோல் சுருங்கிச் சிவந்ததும் கணவர் பதறிப்போனார். ரத்தம் என்று எழுதியிருந்தாலே கண் இருட்டுகிற மனிதர். ஓடிப்போய்த் தங்கையிடம் சொன்னார். அழகு நிலையம் நடத்தும் அந்த நாத்தனாருக்கும் கண்டக்டரம்மாவுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் இவள் முடியை அவள் ஏடாகூடமாக வெட்டிவிட்டாள் என்பது வழக்கு.

நாத்தனார் வந்தாள். நலம் விசாரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் டாக்டர் முன்னால் நிறுத்தினாள்.

"நெஞ்சும் இல்ல, பக்கமும் இல்ல டாக்டர். மாரு! இடது மாருல கட்டி!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

"மானத்த வாங்கிட்டியேடி!"

"உயிரோட இருந்தா மானத்த அப்புறம் தேடிக்கலாம் அண்ணி. ஜாக்கெட்டக் கழட்டுங்க."

புற்றுநோய்தான். மார்பை எடுத்துவிட்டார்கள். வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருத்தியின் தலைமாட்டில் இன்னொருத்தியின் கால். முதல் நாளே கண்டக்டரம்மா, "உள்ள தள்ளிப் படும்மா, இன்னும் ஒருத்தர் ஏறலாம்" என்றாள். கட்டில்காரி தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

அடுத்தது கீமோ என்கிற சிவப்பு மருந்து. ஏற்றினால் குடல் வாய்க்கு வரும். ஏற்றலாம் என்று போனால் ஸ்டாக் இல்லை என்பார்கள். முடி கொட்ட ஆரம்பித்ததும் நாத்தனார் மெஷினோடு வந்தாள்.

"இந்தத் தடவையாவது ஒழுங்கா வெட்டு."

"மொட்டையில என்ன அண்ணி ஒழுங்கு?" என்றவள் பாதித் தலையோடு நிறுத்திவிட்டு அழுதாள்.

"அரைகுறையா விட்டுட்டு அழாதடி, கண்றாவியா இருக்கு!" என்று கண்டக்டரம்மா திட்டினாள்.

கதிர்வீச்சு மெஷின் சுற்றுவட்டாரத்துக்கே ஒன்று. அதுவும் படுத்துவிட்டது. உதிரி பாகம் வரட்டும் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மெஷின் எழுந்தபோது கட்டில்காரி திரும்பி வரவில்லை. கண்டக்டரம்மா மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பஸ் மாறி அவள் வீட்டுக்கே போனாள். வாசலில் நின்று, "ஏய், உனக்காக ஒரு கட்டிலே காலியா கெடக்குதுடி!" என்று கத்தினாள். அவள் மகள் வெளியே வந்து தலையை ஆட்டினாள். அம்மா போய்விட்டாள். அன்று திரும்புகிற வழியெல்லாம் கண்டக்டரம்மா யாரையும் திட்டவில்லை.

சிகிச்சை முடிந்து வேலைக்குப் போனபோது டிப்போவில் இரக்கப்பட்டு டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். அங்கே அவள் போட்ட சண்டையில், அதே டிப்போ கெஞ்சி மறுபடி பஸ்ஸில் ஏற்றியது. ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ள கணவரே தலையணைப் பஞ்சை உருட்டித் தைத்துக் கொடுத்தார். ஒருநாள் டிரைவர் சடன் பிரேக் அடிக்க, அது நழுவிக் கழுத்தருகே வந்து நின்றது. முன்சீட்டுக்காரர் வாயைப் பிளந்தார்.

"என்னய்யா பாக்குற? அதுக்குப் பாஸ் இருக்கு!"

சொல்லிவிட்டு, அதை இடத்தில் தள்ளி விசில் ஊதினாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு, சாயங்காலமானால் இடது கை வீங்கிவிடும். கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, அன்று யார் யாரை என்னென்ன சொன்னாள் என்று கணவருக்கு ஒன்றுவிடாமல் சொல்வாள். கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார்.