கலும்பாங்குக்கு முன் ஓர் ஒத்திகை

2024 மே 18, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு மனைவிக்கு அன்றைய முதல் பையை மாற்றி முடித்தோம். ஆறே முக்காலுக்கு வாசலைப் பெருக்கினேன். ஏழு மணிக்குத் தேநீரும் இரண்டு இட்லியும். ஏழேகாலுக்கு நாட்குறிப்பைத் திறந்து, முன்தினம் மாலை எழுதி முடித்த பயணப் பட்டியலை இன்னொரு முறை பார்த்தேன். நாற்பத்தொரு பொருள்கள். நாற்பத்தொன்றுக்கும் டிக் போட்டிருந்தேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகப் பையில் வரும் மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதிய நீரை விட வேண்டும். நாளுக்கு நான்கு முறை. கதவு, ஜன்னல், காற்றாடி எல்லாம் மூடிய சுத்தமான அறை வேண்டும். போன வருடம் ஒரு தடவை கிருமி உள்ளே போய்ப் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இன்னொரு தடவை வந்தால் குழாயை எடுத்துவிட வேண்டி வரும், அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டியதுதான் என்று மிஸி, அதாவது அங்குள்ள தாதி, அப்போதே எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

அதனால் இரண்டு வருடமாக அவள் ஆஸ்பத்திரியையும் கோலசிலாங்கூரில் உள்ள எங்கள் வீட்டையும் தவிர வேறெங்கும் தூங்கவில்லை. கலும்பாங்கில் அவள் அக்கா இருக்கிறார். தோட்டத்து லயத்தில் ஒரு வரிசை வீடு, மேலே தகரம், எப்போதும் தூசி. அங்கே பை மாற்ற முடியாது. "அக்கா வீட்டு வாசல்லயே வேன நிறுத்திப் படுத்துக்கலாம்லா" என்று யோசனை சொன்னது அவள் தம்பிதான். படுக்கையும் மேசையும் வைத்த முகாம் வேன் ஒன்றை அவனுக்குத் தெரிந்தவரிடம் பேசி எடுத்து, முதல் நாளே எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தான்; பட்டியலில் உள்ளதையெல்லாம் அன்று மாலையே அதில் ஏற்றிவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பி, ஒரு நாள் சுங்கை பெசாரில் கடல் பக்கம், ஒரு நாள் கலும்பாங். அதற்கு முன் ஒத்திகை பார்க்காமல் போகமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தஞ்சோங் காராங் வயல் பக்கம் போய், மதியப் பையை வேனுக்குள் மாற்றிப் பார்ப்பது. அதுதான் அன்றைய திட்டம்.

நான் எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருடமாக ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுபவன். டிக் போட்ட பொருளை யாரும் நகர்த்தக் கூடாது என்பது அங்கே சட்டம். வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு மைத்துனன் வந்தான். நேராகச் சாமி படத்துக்கு முன்னால் போய், தட்டில் இருந்த வேன் சாவியை எடுத்தான். புதிதாக எதைத் தொடங்கினாலும் முதல் நாள் தட்டில் வைத்து எடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, "மாமா, இனி இஞ்சின் கெட்டாலும் என்னைக் கேக்காதீங்க, சாமியக் கேளுங்க" என்றான். மனைவி சிரித்தாள்.

பதினொன்றே காலுக்கு வாய்க்கால் ஓரமாக ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். அறுவடைக் காலம். வயலில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, பதர் பறந்தது. எல்லாவற்றையும் மூடினோம். ஏர்கானையும் நிறுத்தினோம். மைத்துனனை முன் இருக்கைக்கு அனுப்பித் திரையை இழுத்தேன். முகக்கவசம், கைகழுவல், மேசை துடைப்பு. குழாய் முனையில் இருந்த பழைய மூடியைக் கழற்றிக் குப்பையில் போட்டு, புதுப் பையை இணைத்தாள். வடிய இருபது நிமிடம், ஏற பத்து நிமிடம். சட்டை நனைந்துவிட்டது, ஆனால் எல்லாம் வீட்டில் நடப்பது போலவே நடந்தது. கடைசியாகப் பையைக் கழற்றிவிட்டு முனைக்குப் புது மூடி போட வேண்டும். உள்ளே மருந்து நனைத்த பஞ்சு உள்ள சின்ன மூடி. ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. குழாயை அடைக்கும் கவ்வியை இறுக்கிவிட்டு அவள் கையை நீட்டினாள்.

இழுப்பறையைத் திறந்தேன். மூடிப் பெட்டி இல்லை.

மேல் இழுப்பறை, கீழ் இழுப்பறை, படுக்கைக்கு அடியில். எங்கேயும் இல்லை.

"பட்டியல்ல டிக் இருக்கு," என்றேன்.

அவள் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "நான்தாங்க எடுத்தேன்," என்றாள். "சாவியோட சேத்துச் சாமி தட்டுல வச்சேன். இது நல்லபடியா நடக்கணும்னு. தம்பி எடுத்துட்டு வந்துருவான்னு நெனச்சேன்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "நான் சாவியத்தான் எடுத்தேன்க்கா! பெட்டி யாரோ மருந்து வச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன்."

தொடங்குமுன் எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் விதி. டிக் இருந்ததால் நான் இழுப்பறையைத் திறந்தே பார்க்கவில்லை. அவள் எடுத்தது ஒரு தவறு என்றால், இது பெரிய தவறு.

"பழைய மூடிய வெந்நீர்ல கழுவிப் போட்டா என்ன மாமா? ஒரு மணி நேரத்துக்குத்தானே?"

"வாய மூடிக்கிட்டு உக்காருடா," என்றாள் அவள்.

மிஸியை அழைத்தேன். இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தார். "கழற்றாதீங்க. பை குழாயிலயே இருக்கட்டும், கவ்வி இறுக்கமா இருக்கட்டும். அப்படியே வீட்டுக்குப் போங்க. முனை திறந்தா மட்டும் உடனே இங்க வாங்க."

மணி பன்னிரண்டு எட்டு. காலிப் பையும் வடித்த பையும் அவள் மடியில். இணைப்பை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் அவள் தோளையும் மேசைக் காலையும் பிடித்துக்கொண்டேன். வயல் பாதை முழுக்கக் குழி.

"மெதுவா."

"பத்துலதான் போறேன் மாமா."

"அஞ்சுல போ."

நான்கு நிமிடம் போனதும் வேன் நின்றுவிட்டது. நெல் ஏற்றும் லோரி பாதையை அடைத்து நின்றது. இந்தப் பக்கம் வாய்க்கால், அந்தப் பக்கம் வயல். மைத்துனன் இறங்கி ஓடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. "பாங், தோலோங்லா பாங், காக்கா சாகிட்!" என்று, உதவுங்கண்ணே, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என அவன் மலாயில் கத்தியது உள்ளே வரை கேட்டது. லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். பாதி நிரம்பிய லோரியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார், ஒரு களம் வரும் வரை. எங்களைக் கடக்கவிட்டுக் கையைக் காட்டினார்.

அந்த நேரம் முழுக்க அவள் என்னைப் பார்க்கவில்லை, இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மட்டும், "விரல் மரத்துப் போச்சு," என்றாள். நான் பிடிக்கட்டுமா என்றேன். "நீங்க கை கழுவல." உண்மைதான். இழுப்பறைகளைத் துழாவிய கை.

ஒன்று பத்துக்கு வாசலில் வேன் நின்றது. சாமி தட்டிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தேன், மேலே குங்குமம். மூடிகள் உள்ளே தனித்தனி உறையில் இருந்தன, அதனால் பாதகமில்லை. கையைக் கழுவி, கவசம் மாற்றி, வேனுக்குள்ளேயே கதவை மூடிக்கொண்டு மூடியைப் போட்டோம். ஒன்று இருபத்திரண்டு. அதற்குப் பிறகுதான் அவள் விரல்களை விரித்து மடக்கினாள்.

சாப்பிடும்போது மைத்துனன், "வேணாம்க்கா. வேன திருப்பிக் குடுத்துர்றேன். என்னாலதான் ஆச்சு," என்றான்.

"ஒன்னால ஒன்னும் ஆவல. இவரு டிக்கால ஆச்சு, என் சாமியால ஆச்சு."

"அப்ப போறோமா இல்லயா?"

அவள் என்னைப் பார்த்தாள். மிஸி சொன்னது எனக்கு நினைவிருந்தது: இரவு முழுக்க வயிற்றில் இருந்து காலையில் வடியும் பைதான் முதலில் சொல்லும், கலங்கியிருந்தால் உடனே வர வேண்டும், தெளிவாக இருந்தாலும் இரண்டு மூன்று நாள் கவனிக்க வேண்டும். "காலையில பாத்துட்டுச் சொல்றோம்," என்றேன். அன்று நாட்குறிப்பில் நேரங்களை மட்டும் எழுதினேன்.

ஞாயிறு காலை ஆறு மணி. முதல் வேலையாக, வடிந்த பையை விளக்குக்குக் கீழே மேசையில் கிடத்தினேன். அடியில் அச்செழுத்தை வைத்து, பையின் வழியாகப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் முறை. பழைய பேப்பரை எடுக்கப் போனேன். அவள் நாட்குறிப்பிலிருந்து என் பட்டியலைக் கிழித்துக் கொடுத்தாள்.

"இதப் படிங்க."

மெல்லிய மஞ்சள் நீருக்கு அடியில் என் கையெழுத்து. குனிந்து, முதல் வரியிலிருந்து தொடங்கினேன். படுக்கை விரிப்பு. கைவிளக்கு. துடைப்புத் துணி. ஒவ்வொன்றும் தெரிந்தது. பதினேழாவது வரிக்கு வந்தேன்.

"மூடிப் பெட்டி," என்று படித்தேன். "டிக்கும் தெரியுது."

"அந்த டிக்க அழிச்சிருங்க," என்றாள். "வெள்ளிக்கெழம வண்டில ஏறுனப்பறம் நான் போட்டுக்கிறேன்."